நஞ்சின் அளவு

யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறைக்குச் செல்லும் வீதி, வல்லை வெளியைத் தாண்டி வடமராட்சிக்குள் புகுந்து நெல்லியடியை அடைகிறது. கொடிகாமத்திலிருந்து வரும் வீதியும் அங்கேதான் வந்து சேர்கிறது. அச்சந்தியின் கடைகளிலும் அதனைச் சூழ்ந்த பனங்கூடல்களிலும் மூன்று பொருள்களை நாம் நினைவிற் கொள்வோம். ஒன்று, பழக்கடையில் தொங்கும் வாழைக்குலை. மற்றொன்று, சீவல் தொழிலாளி முட்டியில் இறக்கிவரும் கள்ளு. மூன்றாவது, மின்சாரம் எட்டாத நாள்களில் பெற்றோமக்ஸ் விளக்கைச் சூடேற்றி எரியவைப்பதற்காக நம் வீடுகளில் வாங்கிவைத்த ஊதாநிற ஸ்பிரிற்றுப் போத்தல்.

இம்மூன்றிலும் பொதுவாக உள்ள ஒரு பொருள் உண்டு. விஞ்ஞானிகள் அதனை மெதனோல் என்பர். முதல் இரண்டிலும் அது இம்மியளவே உண்டு. மூன்றாவதில் மனிதனைக் குருடாக்கவும் கொல்லவும் போதுமான அளவு உண்டு. ஒரே பொருள் ஓரிடத்தில் உணவோடு உணவாய்க் கலந்திருக்க, வேறோரிடத்தில் நூற்றுக்கணக்கானோரின் உயிரைக் குடிப்பானேன்? அளவின் வேறுபாடே காரணம் என்று இரசாயன நூல் விடை கூறும். அவ்விடை சரியானதே. ஆயின் அந்த அளவை மனிதனுக்கு ஊட்டியவர் யார், எதற்காக ஊட்டினர் என்ற கேள்விக்கு இரசாயன நூலில் விடை கிடையாது. அதனைச் சரித்திரத்தில்தான் தேடவேண்டும். அந்தச் சரித்திரத்தையே நாம் இங்கு சுருக்கமாக ஆராய முற்படுகிறோம்.

முதலில் அச்சத்தையும் உண்மையையும் பிரித்துக்கொள்வோம். மெதனோல் இயற்கைக்குப் புறம்பானதன்று. பழங்களையும் காய்கறிகளையும் கட்டிக்காக்கும் பெக்ரின் என்னும் பொருளோடு அது பிணைந்திருக்கிறது. பழம் கனியும்போதும், பிழியப்படும்போதும், நம் பெருங்குடலில் நுண்ணுயிர்களால் சிதைக்கப்படும்போதும் அப்பிணைப்பு அறுந்து மெதனோல் வெளிப்படுகிறது. பழச்சாறுகளில் ஓர் இலீற்றருக்குச் சராசரி 140 மில்லிகிராம் மெதனோல் காணப்படுகிறது. பழத்திற்குப் பழம் இது பெரிதும் வேறுபடும். ஒரு கிலோகிராம் அப்பிள் உண்டால், அதன் பெக்ரினிலிருந்து உடலுக்குள் அரைக் கிராம் முதல் ஒரு கிராமுக்குச் சற்று மேற்பட்ட அளவு வரை மெதனோல் தோன்றலாம் எனக் கணக்கிட்டுள்ளனர்.

நாம் சுவாசிக்கும் காற்றிலும் அது இருக்கிறது. வளரும் இலை அதனை வெளிவிடுகிறது. வெட்டிய புல்லும் வெளிவிடுகிறது. நமது தோட்டங்களில் தளிர்க்கும் புகையிலையும் இதற்கு விலக்கன்று. அடுப்பில் எரியும் விறகின் புகையிலும் அது கலந்துள்ளது. ஆயினும் திறந்த வெளிக் காற்றில் நூறு கோடிப் பங்கில் சில பங்கோ சில பத்துப் பங்கோதான் அதன் அளவு. ஆகவே மதுவைத் தொட்டறியாத மனிதனின் இரத்தத்திலும் மூச்சிலும் மெதனோல் உண்டு. ஓர் இலீற்றர் இரத்தத்தில் ஏறத்தாழ 1 மில்லிகிராம் என்பது வழக்கமாகக் காணப்படும் நிலை. சிலரிடம் அது சில மில்லிகிராம்களாகவும் இருக்கும். நரம்பு மண்டலத்தில் நஞ்சின் அறிகுறிகள் தோன்றுவது 200 மில்லிகிராமைக் கடந்த பின்னர். கண்ணுக்கு ஆபத்து நேர்வது 500 மில்லிகிராமைக் கடந்த பின்னர். இயல்பு நிலைக்கும் நஞ்சு நிலைக்கும் இடையே எத்தகைய பெரிய இடைவெளி உள்ளதென்பதை வாசகர் நோக்குக.

சீனிக்கு மாற்றாகச் சேர்க்கப்படும் அஸ்பார்ட்டேமைக் குறித்து எழும் அச்சமும் இவ்விடத்தில் தெளியும். அது உடலில் சிதைந்து தன் எடையில் பத்தில் ஒரு பங்கு மெதனோலைத் தருவது மெய்யே. ஒரு தகரப்பேணி மென்பானத்தில் சுமார் 180 மில்லிகிராம் அஸ்பார்ட்டேம் இருந்தால், அதிலிருந்து கிடைக்கும் மெதனோல் 18 மில்லிகிராம். அதே அளவு பழச்சாறோ சராசரியாக 50 மில்லிகிராம் தருகிறது. உடலெடையில் கிலோகிராமுக்கு நாளொன்றுக்கு 40 மில்லிகிராம் அஸ்பார்ட்டேம் வரை ஏற்கலாம் என்னும் வரம்பை, உணவுச் சேர்க்கைகளை ஆராயும் சர்வதேச நிபுணர் குழு 2023ஆம் ஆண்டிலும் உறுதிசெய்தது. அதே ஆண்டில் புற்றுநோய் ஆராய்ச்சிக்கான சர்வதேச நிறுவனம் அப்பொருளைப் புற்றுநோய்க்குக் காரணமாகக் கூடுமானவற்றின் பட்டியலில் சேர்த்தது. அது மெதனோலின் அளவோடு தொடர்பற்ற தனி விவாதம். மெதனோலைப் பொறுத்தவரை, இயல்பான உணவுக்கு மேலாக உடலெடையில் கிலோகிராமுக்கு நாளொன்றுக்கு 2 மில்லிகிராம் என்ற அளவை அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு நிறுவனம் 2013இல் ஆதார அளவாக வகுத்தது. அறுபது கிலோகிராம் எடையுள்ள ஒருவருக்கு இது 120 மில்லிகிராம் ஆகிறது. பெருங்காப்புடன், வாழ்நாள் முழுமைக்குமென வகுக்கப்பட்ட அளவு இது.

இனி நஞ்சின் கதைக்கு வருவோம்.

1661ஆம் ஆண்டில் றொபேட் பொயில் மரத்தை மூடிய கலத்தில் சூடேற்றி வடித்து, எரியக்கூடிய தெளிந்த திரவமொன்றைப் பெற்றார். விறகிலிருந்து பிறந்த அதனை விறகுச் சாராயம் எனலாம். 1834இல் பிரெஞ்சு விஞ்ஞானிகளாகிய தூமாவும் பெலிகோவும் அதன் இரசாயன அமைப்பைக் கண்டறிந்து பெயரிட்டனர். அப்பெயரின் முதற்பகுதி மதுவைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. நமது 'மது' என்னும் சொல்லுக்கும் அதற்கும் மூலம் ஒன்றே. மறுபகுதி மரத்தைக் குறிப்பது. மரத்தின் மது! பார்வைக்கும் மணத்துக்கும் நாவுக்கும் குடிப்பதற்குரிய மதுசாரத்தினின்றும் அதனை வேறு பிரித்தறிய முடியாது. உடலுக்குள் சென்றபின்னரே வேறுபாடு வெளிப்படுகிறது.

ஈரலிலுள்ள நொதியமொன்று மெதனோலைப் போமல்டிகைட்டாக மாற்றுகிறது. அது விரைந்து போமிக் அமிலமாகிறது. எறும்பின் கடியிலுள்ள அதே அமிலந்தான். சிறு அளவாயின், போலேற் என்னும் உயிர்ச்சத்தின் துணையால் உடல் அதனைக் கரியமில வாயுவாக்கி வெளியேற்றிவிடும். பழம் உண்போர் நாள்தோறும் நலமாய் இருப்பது இதனாலேதான். அளவு மிகுந்தால் அமிலம் தேங்குகிறது, இரத்தம் புளிக்கிறது, உயிரணுக்கள் பிராணவாயுவைப் பயன்படுத்தும் ஆற்றலை இழக்கின்றன, பார்வை நரம்பு முதலில் அடிபடுகிறது. குடித்தவன் அன்றிரவு வழமைபோல் உறங்கிவிடுகிறான். பன்னிரண்டு மணி முதல் இருபத்துநான்கு மணி நேரம் கழிந்தபின்னரே வயிற்றுவலியும் வாந்தியும் மூச்சிரைப்பும் கண்ணில் வெண்பனி படர்ந்தாற் போன்ற மங்கலும் தோன்றுகின்றன. 10 மில்லிலீற்றர் தூய மெதனோல் கண்ணைப் பறித்ததுண்டு. 30 மில்லிலீற்றர் உயிரையே பறித்ததுண்டு. தேநீர்க் கரண்டியால் அளந்தால் முன்னது இரண்டு கரண்டி. பின்னது ஆறு கரண்டி.

இந்த உண்மைகளை மருத்துவ உலகம் எளிதில் கண்டுகொள்ளவில்லை. 1904இல் அமெரிக்காவில் கேசி வூட், பிராங்க் புல்லர் என்னும் இரு கண் மருத்துவர்கள், விறகுச் சாராயத்தால் குருடானோரும் மாண்டோருமாக இருநூற்றுக்கு மேற்பட்டோரின் விவரங்களைத் திரட்டி வெளியிட்டனர். அமிலமே கொலையாளி என்பதை நோர்வேயின் ஒலுப் றோ 1940களில் வலியுறுத்தினார். 1970களில் குரங்குகளிடம் நடந்த ஆராய்ச்சிகள் போமிக் அமிலத்தின் பங்கை நிலைநாட்டின. எலியின் உடல் அவ்வமிலத்தை விரைந்து அழித்துவிடுவதால், எலிகளை மட்டும் வைத்து ஆராய்ந்தோர் நெடுங்காலம் ஏமாற்றமடைந்தனர்.

நஞ்சின் இயல்பை விளங்கிக்கொள்ள இத்தனை காலம் பிடித்தது. ஆயின் அது மனிதனைக் கெடுக்கும் என்ற அறிவை வரி வசூலிக்கப் பயன்படுத்துவதற்கு அரசுகள் இத்தனை காலம் காத்திருக்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் பிரித்தானியத் தொழிற்சாலைகளுக்கு மலிவான மதுசாரம் வேண்டியிருந்தது. குடிக்கும் மதுசாரத்தின்மீது கடும் வரி இருந்தது. வரியைக் குறைத்தால் ஆலைக்கென வாங்கியதைத் தொழிலாளி குடித்துவிடுவான். குறைக்காவிடில் ஆலை முதலாளிக்கு நட்டம். இதற்கு 1855இல் ஒரு சட்டம் வழிகண்டது. ஒன்பது பங்கு மதுசாரத்தோடு ஒரு பங்கு விறகுச் சாராயத்தைக் கலந்துவிட்டால் அது குடிக்கத் தகாததாகிவிடும்; அதற்கு வரி வேண்டாம் என்று அச்சட்டம் கூறியது. 'மெதிலேற்றெட் ஸ்பிரிற்' பிறந்த கதை இதுவே. பிற்காலத்தில் அதற்கு ஊதா நிறமும் ஊட்டினர். நெல்லியடிக் கடையில் நாம் கண்ட போத்தல் அந்தச் சட்டத்தின் பேரப்பிள்ளை. முதலாளியின் இலாபமும் அரசின் வருவாயும் ஒருங்கே காப்பாற்றப்பட்டன. அதைக் குடிக்கும் ஏழைக்கு என்ன நேரும் என்பது அந்தக் கணக்கில் சேரவில்லை.

நேர்ந்தது என்ன? 1911 டிசெம்பரில், நத்தார்ப் பண்டிகையை ஒட்டிய நாள்களில், பெர்லின் நகரசபையின் வீடற்றோர் விடுதியில் தங்கியவர்கள் அடுத்தடுத்து விழுந்து மாண்டனர். கெட்டுப்போன மீனைத் தின்றதால் வந்த வினை என்றே முதலில் எண்ணினர். மலிவான குடிவகையில் மெதனோல் கலந்திருந்தது பின்னரே தெரியவந்தது. எழுபதளவில் உயிர்கள் மடிந்தன.

அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு நிலவியது. ஆலைகளுக்குரிய மதுசாரம் களவாகக் குடிவகையாய் மாறிற்று. அதனைத் தடுக்கும் பொருட்டு, 1926இன் இறுதியில் அந்நாட்டு அரசு கலப்பு நஞ்சின் அளவை மேலும் உயர்த்தியது. நியூயோர்க் நகரின் தலைமைப் பிரேத பரிசோதனை அதிகாரி சார்ல்ஸ் நொறிஸ் இதனை வெளிப்படையாகக் கண்டித்தார். காசுள்ளவன் நல்ல விஸ்கியை வாங்கித் தப்பிக்கொள்கிறான். மாள்பவன் ஏழை என்று அவர் சுட்டிக்காட்டினார். 1923இல் ஜெர்மனியின் லொய்னாவில் மெதனோலை வாயுக்களிலிருந்து தொழில்முறையாக உற்பத்திசெய்யும் முறை நடைமுறைக்கு வந்திருந்தது. அதன்பின் மரத்தை வடிக்கும் தேவை அற்றது. நஞ்சு மேலும் மலிந்தது. 1951இல் அட்லாண்டா நகரில் மெதனோல் கலந்த கள்ளவிஸ்கி விற்கப்பட்டது. சில நாள்களுக்குள் 323 பேர் ஒரே மருத்துவமனைக்கு வந்தனர். 41 பேர் மாண்டனர். அவர்களிற் பெரும்பாலோர் கறுப்பின மக்கள்.

ஆக, மேற்கு நாடுகள் இச்சரித்திரத்திலிருந்து ஒரு பாடம் கற்றன. ஆனால் அப்பாடம் முதலில் ஆலையின் காற்றுக்கே எழுதப்பட்டது. வேலைத்தலத்தில் எட்டு மணி நேரத்திற்குச் சராசரியாகக் காற்றில் பத்துலட்சம் பங்குக்கு 200 பங்கு மெதனோலே இருக்கலாம் என்னும் வரம்பு பல நாடுகளில் நெடுங்காலமாக ஏற்கப்பட்டுள்ளது. ஒரு கனமீற்றர் காற்றில் ஏறத்தாழ 260 மில்லிகிராம் என்பது இதன் பொருள். இந்த அளவைச் சில மணி நேரம் சுவாசித்த தன்னார்வலரின் இரத்தத்தில் மெதனோல் உயர்ந்தபோதிலும், போமிக் அமிலம் உயரவில்லை என்று 1990களில் நடந்த சோதனை காட்டிற்று. தோலின் வழியாகவும் இது உட்புகும் என்பதால் கையுறையும் அவசியமாகிறது.

இவ்வரம்பு ஆசிரியர்களாகிய நம் வாசகர்க்குத் தொலைவான செய்தியன்று. வினாத்தாள்களைப் படியெடுக்க முன்னாளில் உலகெங்கும் பயன்பட்ட யந்திரங்களில் ஒருவகை ஸ்பிரிற்றினால் இயங்கியது. மையைக் கொண்டு அச்சிடும் றோணியோ அன்று; ஊதா எழுத்துகளைத் தரும் மற்றைய யந்திரம். அதன் திரவம் பெரும்பாலும் மெதனோலே. 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்துப் பாடசாலைகளில், காற்றோட்டமற்ற சிற்றறைகளில் மணிக்கணக்காக நின்று படியெடுத்த ஆசிரிய உதவியாளர்கள் தலைவலி, தலைச்சுற்று, குமட்டல், பார்வை மங்கல் ஆகியவற்றால் வருந்தினர். ஆய்வாளர் சென்று அவர்கள் சுவாசித்த காற்றை அளந்தபோது, பத்துலட்சத்திற்கு 365 முதல் 3,080 பங்கு வரை மெதனோல் காணப்பட்டது. காற்றோட்டம் செய்துகொடுப்பதே பரிகாரமாயிற்று. அங்கே அளப்பதற்கு ஒருவர் வந்தார். அளந்ததைக் கேட்பதற்கும் ஒருவர் இருந்தார். அதனால் பிழை திருத்தப்பட்டது. ஒரு வரம்பு பயன்தர வேண்டுமாயின் இவ்விரண்டும் வேண்டும் என்பதை மனத்தில் இருத்திக்கொண்டு பாக்கு நீரிணையைக் கடப்போம்.

சென்னை மாகாணத்தில் 1937இல் சேலம் மாவட்டத்தில் தொடங்கிய மதுவிலக்கு, 1948இல் மாகாணம் முழுவதற்கும் விரிந்தது. மறைவில் குடிப்போர் ஸ்பிரிற்றையும் மரத்தளபாடங்களுக்குப் பூசும் வார்னிஷையும் நாடத் தொடங்கினர். அரசு 1959இல் வகுத்த விதிகளின் பெயரே இதற்குச் சாட்சி: குடிக்கத் தகாததாக்கிய ஸ்பிரிற், மீதைல் அற்ககோல், வார்னிஷ் ஆகியவற்றிற்கான விதிகள்! தச்சனின் பட்டறையிலுள்ள மெருகெண்ணெய்க்கு மதுவிலக்கு இலாகா விதி செய்யவேண்டிய நிலை எவ்வாறு வந்ததென்று விளக்கவேண்டியதில்லை. 1971இல் மதுவிலக்கு தளர்த்தப்பட்டது, மீண்டும் வந்தது, 1981இல் மறுபடியும் நீங்கியது. 1983இல் மதுபான மொத்த வியாபாரத்திற்கென அரசு நிறுவனம் ஒன்று தோன்றி, 2003இல் சில்லறைக் கடைகளையும் தன்வசமாக்கிக்கொண்டது. 1987 முதல் அம்மாநிலத்தில் கள்ளிறக்குதல் தடுக்கப்பட்டுள்ளது. பனையேறியின் முட்டி குற்றப்பொருளாயிற்று. ஆலையின் போத்தல் அரசின் வருவாயாயிற்று.

போத்தலின் விலை கொடுக்க இயலாதவன் எங்கே செல்வான்? 2023 மே மாதத்தில் விழுப்புரம் மாவட்டத்து மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பம் என்னும் மீனவக் கிராமத்திலும், செங்கல்பட்டு மாவட்டத்துச் சித்தாமூர்ப் பகுதியிலும் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஆலைக்குரிய மெதனோலே அவர்கள் குடித்தது. ஓராண்டுக்குச் சற்று மேல் கடந்து, 2024 ஜூன் மாதத்தில் கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரத்தில் அதே நஞ்சு பொட்டலங்களாக விற்கப்பட்டது. அறுபதுக்கும் மேற்பட்டோர் மடிந்தனர். கூலிவேலை செய்து அன்றாடம் பிழைக்கும் மக்கள், அவர்களிற் பலர் தாழ்த்தப்பட்ட சமூகத்தினர், பெண்களும் இருந்தனர். பொட்டலத்தின் விலை அரசுக் கடையின் மிகச் சிறிய போத்தலின் விலையில் பாதிக்கும் குறைவு என்பதே அவர்களை அங்கு இழுத்தது. இறந்தோர் குடும்பத்திற்குப் பத்து லட்சம் ரூபா வழங்கப்பட்டது. சட்டம் திருத்தப்பட்டு ஆயுட்சிறை வரை தண்டனை உயர்த்தப்பட்டது. விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது. வழக்கை மத்தியப் புலனாய்வுத் துறைக்கு மாற்றுமாறு உயர் நீதிமன்றம் அதே ஆண்டு நவம்பரில் கட்டளையிட்டது. முந்தைய ஆண்டின் சாவுகளுக்குப் பின்னரும் மெதனோல் ஆலையிலிருந்து சேரிவரை தடையின்றி வந்த வழியை மட்டும் எவரும் அடைத்திருக்கவில்லை.

மதுவிலக்கே இதற்கெல்லாம் காரணமென்று சிலர் முடிவுகட்டுவர். மதுக்கடையே காரணமென்று வேறு சிலர் கூறுவர். சரித்திரம் இருசாராருக்கும் இடமளிக்கவில்லை. மதுவிலக்கு நிலவும் குஜராத்தில் 2009இல் நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டது மெய். ஆனால் 1982இல், ஓணத்திருநாளன்று, கேரளத்தின் வைப்பின் தீவில் எழுபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்று பலரைக் குருடாக்கிய சாராயம், அரசின் உரிமம் பெற்ற கடைகளிலேயே விற்கப்பட்டது. தடையுள்ள இடத்திலும் உரிமமுள்ள இடத்திலும் ஒன்று பொதுவாய் நிற்கிறது. மெதனோல் மதுசாரத்திலும் மலிவானது. அதன்மேல் மதுவரி கிடையாது. நாவால் கண்டுபிடிக்க இயலாதது. இலாபத்திற்காகக் கலப்பவனுக்கு இம்மூன்றும் போதும். கலக்கப்படுவதைக் குடிப்பவன் எதிர்த்துக் கேட்கும் வலுவற்றவனாய் இருப்பது அவனுக்குக் கிடைக்கும் நாலாவது வசதி.

இப்போது நெல்லியடிக்குத் திரும்புவோம். நம்மிடையே பரவலாக ஒரு நம்பிக்கை உண்டு. கசிப்பைச் சரியாக வடிக்காவிட்டால் அது தானாகவே மெதனோலாகிக் கண்ணைக் கெடுத்துவிடும் என்பர். கள்ளு புளித்தால் நஞ்சாகிவிடும் என்றும் கூறுவர். இவை சரியல்ல. சீனியை நொதிக்கச் செய்யும் மதுவம் எதனோலையே உண்டாக்குகிறது. மெதனோல் பெக்ரினிலிருந்து வருவது. பனையின் பாளையிலிருந்து வடியும் கருப்பநீர் பெரும்பாலும் சீனியும் நீருமே. பெக்ரின் அதில் அற்பம். ஆகவே கள்ளிலும் அதிலிருந்து வடித்த சாராயத்திலும் உயிருக்கு உலைவைக்கும் மெதனோல் தானாகத் தோன்ற இடமில்லை. பழக்கூழை நொதிக்கவைத்து வடிக்கும் மதுக்களில் அது சற்று மிகும்; அதனாலேயே ஐரோப்பிய நாடுகள் பழச்சாராயங்களுக்கு மெதனோல் வரம்பு வகுத்துள்ளன. கசிப்பு உடலைக் கெடுக்கும் வழிகள் வேறு பல உண்டு. ஆயின் ஊரைக் கூட்டாகச் சாய்க்கும் சாவுகள் நிகழ்ந்த இடங்களிலெல்லாம் மெதனோல் மனிதக் கையாலேயே ஊற்றப்பட்டிருக்கிறது. இவ்வுண்மையை நாம் வற்புறுத்துவதற்குக் காரணமுண்டு. நஞ்சு தானாக விளைந்ததென்று நம்பினால், குற்றம் குடித்தவன் தலையிலும் அடுப்பில் வடித்தவன் தலையிலும் முடிந்துவிடும். பீப்பாயில் விற்றவனையும் அதைக் கணக்கில் வையாமல் விட்டவனையும் எவரும் தேடமாட்டார்.

நமது நாட்டிலும் மதுவைப் பற்றிய சட்டங்கள் வருவாயை நோக்கியே பிறந்தன. பிரித்தானிய ஆட்சியின் 1912ஆம் ஆண்டு மதுவரிக் கட்டளைச் சட்டத்திற்கு எதிராக எழுந்த மதுவிலக்கு இயக்கம், இலங்கைத் தேசிய எழுச்சியின் முதற் படிகளில் ஒன்றாயிற்று. ஆயின் அந்த வாதப் பிரதிவாதங்களில் பனையேறும் தொழிலாளியின் குரல் ஒலித்ததில்லை. தன் உயிரைத் தளநாரில் கட்டிக்கொண்டு நாளுக்கு இருமுறை மரமேறிய அவனை நமது சமுதாயம் சாதியின் பெயரால் முற்றத்திற்கு வெளியே நிறுத்தியது. அவன் இறக்கிய கள்ளைப் பிளாவில் வாங்கிக் குடித்தவர் அவன் கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்க மறுத்தனர். 1960களில் யாழ்ப்பாணக் குடாநாட்டில் தேநீர்க்கடைகளுக்கும் கோயில்களுக்கும் உள்ளே செல்லும் உரிமைக்காக ஒடுக்கப்பட்ட மக்கள் போராடியது நமது வாசகர் நன்கறிந்த வரலாறு.

அதனை அடுத்து, 1970களில், சீவல் தொழிலாளர்கள் பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்களாக ஒன்றுசேர்ந்தனர். 1978இல் பனை அபிவிருத்திச் சபை அமைக்கப்பட்டது. வடமராட்சியிலேயே திக்கத்தில் கூட்டுறவாளர்களின் வடிசாலை எழுந்தது. தொழிலாளி இறக்கிய கள்ளைச் சங்கம் அளந்து வாங்கி, தவறணையில் விற்று, மிஞ்சியதை வடிசாலைக்கு அனுப்பும் ஒழுங்கு உருவாயிற்று. இதனைப் பொருளாதார ஏற்பாடாக மட்டுமே பலர் நோக்குகின்றனர். நஞ்சுக்கு எதிரான காவலாகவும் இதனை நோக்கவேண்டும் என்பது நமது கருத்து. எந்த மரத்தின் கள்ளு, யார் இறக்கியது, எங்கே விற்றது என்று சொல்லக்கூடிய ஒழுங்கில் பெயரற்ற பீப்பாய் நுழைவது அரிது. அந்தச் சங்கிலி அறும் இடத்திலேயே பொட்டலம் நுழைகிறது. போர்க்காலமும் இடப்பெயர்வும் இச்சங்கங்களை நலிவித்தன. அவற்றை நிமிர்த்துவது தொழிலாளியின் கூலிக்கு மட்டுமன்றி, குடிப்பவனின் கண்ணுக்கும் காவலாகும்.

குடியைப் போற்றுவதற்காக நாம் இவற்றை எழுதவில்லை. குடியால் சிதைந்த குடும்பங்களை நாமும் அறிவோம். கூலியில் பாதியைத் தவறணையில் விட்டுவரும் தந்தையின் பிள்ளை, வகுப்பில் பசியோடு அமர்ந்திருப்பதை ஆசிரியர்களாகிய நம்மிற் பலர் கண்டிருக்கிறோம். அப்பிள்ளையின் பொருட்டேனும் அத்தந்தை குருடாகாமல் வீடு திரும்பவேண்டும் அல்லவா? குடியை ஒழிக்கும் போராட்டம் வேறு. குடித்தவன் சாவதற்கு உரியவன் என்று கைகழுவுவது வேறு. 1855இல் நஞ்சைக் கலந்தோரின் மனப்பான்மையே பின்னதில் இருக்கிறது.

செய்யவேண்டியவை அரியவை அல்ல. மெதனோலை இறக்குவோரும் வாங்குவோரும் விற்போரும் இலீற்றர் கணக்கில் பதிவேடு காட்டவேண்டும். குடிக்கத் தகாத ஸ்பிரிற்றை மெதனோலைக் கொண்டு நஞ்சாக்கும் பழக்கமே ஒழியவேண்டும். கடுங்கசப்பான, உயிரைப் பறிக்காத பொருள்களைக் கலந்தே அதே காரியத்தைச் செய்யலாம். மந்திகை ஆதார வைத்தியசாலை போன்ற, ஊர் மக்கள் முதலில் ஓடிச்செல்லும் இடங்களில் மாற்றுமருந்தும் இரத்தச் சுத்திகரிப்பு வசதியும் எப்போதும் ஆயத்தமாய் இருக்கவேண்டும். போமெப்பிசோல் என்னும் மருந்து, ஈரலின் நொதியத்தைத் தடுத்து மெதனோல் அமிலமாகாமல் காக்கிறது. அது கிடைக்காத இடத்தில் மருத்துவர்கள் எதனோலையே அளந்து கொடுத்து அக்காரியத்தைச் சாதிக்கின்றனர். இதனை வீட்டில் எவரும் செய்துபார்க்கலாகாது. குடித்து ஒருநாள் கழித்துக் கண் மங்கினால், வெட்கத்தாலோ பொலீசுக்கு அஞ்சியோ ஒளிந்திராமல் உடனே வைத்தியசாலைக்கு ஓடவேண்டும் என்பதை ஒவ்வொரு மாணவனும் அறிந்திருக்கவேண்டும். அந்த ஒருநாள் அவகாசத்தில் காப்பாற்றப்படக்கூடிய உயிர்கள் பல.

பழச்சாராயத்தின் மெதனோலுக்கும் மென்பானத்தின் அஸ்பார்ட்டேமுக்கும் ஆலைக்காற்றின் மெதனோலுக்கும் வரம்புகள் உண்டு. அவற்றைக் காக்க நிபுணர் குழுக்களும் உண்டு. கருணாபுரத்தின் பொட்டலத்துக்கு வரம்பு வகுக்க ஒரு குழு கூடியதில்லை. அங்கே வரம்பு தெரியாமற் போகவில்லை. அதனை அளந்து பார்க்கும் கடமை எவருக்கும் இருக்கவில்லை, அவ்வளவே. நெல்லியடியில் அத்தகைய நாள் வராதிருக்க வேண்டுமாயின், அந்தக் கடமையை இன்றே ஒருவர் தலையில் வைக்குமாறு நாம் கேட்கவேண்டும், கேட்டுக்கொண்டே இருக்கவேண்டும்.